ஆறுக்கு இரண்டு

"பந்தை முதல்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க டீச்சர். அப்புறம் பேசுவோம்."

"பந்து நம்ம பள்ளிக்கூடத்துல இருந்தா என்ன சார் கெட்டுப்போச்சு?"

"வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு. வந்ததும் அலமாரியைத் தொறந்து பாப்பாரு. சாக்பீஸ் இருக்கணும், உலகப்படம் இருக்கணும், அளவுகோல் இருக்கணும். உங்க அலமாரியில என்ன இருக்கு? பூசணிக்காய் மாதிரி ஒரு பந்து!"

"அந்தப் பூசணிக்காயை வச்சுத்தான் சார் பிள்ளைங்க கணக்குப் படிக்குது."

"எங்க படிக்குது? பக்கத்துச் சீனப் பள்ளிக்கூடத்துக் கோர்ட்டுல, பாவாடையைச் சொருகிக்கிட்டுக் குதிக்குதுங்க. ரோட்டுல போறவன் எல்லாம் சைக்கிளை நிறுத்திட்டுப் பாக்கிறான் லா. அதுக்கு நீங்க கணக்குன்னு பேர் வச்சிருக்கீங்க."

தலைமையாசிரியர் வேலாயுதம் கெட்டவர் இல்லை. பயந்தவர். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில், மேலே துணிக்கிடங்கும் கீழே வகுப்புகளுமாக இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியை மூடிவிடுவார்கள் என்ற பயத்திலேயே அவருக்குத் தலை நரைத்துப் போயிருந்தது. வருடா வருடம் பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியிருந்த ஆறாம் வகுப்பில் பதினொரு பெண்பிள்ளைகள். தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்துவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்கு வந்தவர்கள். பெரும்பாலும் வயது மீறியவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பொதுத் தேர்வுக்கு அனுப்ப வேண்டுமானால் ஆய்வாளர் நேரில் வந்து, கேள்வி கேட்டு, சரி என்று தலையாட்ட வேண்டும். போன வருடம்தான் அந்தத் தேர்வே வந்தது. போன வருடம் இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைகூடக் கணக்கில் தேறவில்லை.

"ஒரு வாரம் குடுங்க சார். வியாழக்கிழமை அவர் வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் நானே பந்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றாள் குணவதி.

"அதுக்கப்புறம் பந்து இருந்தா என்ன, இல்லாட்டி என்ன டீச்சர்?" என்றார் வேலாயுதம். அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு வலித்திருக்காது.

குணவதிக்கு இருபத்திரண்டு வயது. காலையில் இங்கே பாடம் நடத்துவாள். மத்தியானம் பேட்டர்சன் ரோட்டிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய் எப்படிப் பாடம் நடத்துவது என்று படிப்பாள். கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் அவள் ஒருத்திதான் தமிழ்ப் பெண். யாழ்ப்பாணத்துக்காரரான அவள் அப்பாவுக்கு மகள் அரைக்கால் சட்டையில் ஓடுவது தெரியும். தெரியாததுபோல் பேப்பர் படிப்பார்.

பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஆனால் பின்னம் என்று வந்துவிட்டால் அவ்வளவுதான். கரும்பலகையில் ஐந்தில் மூன்று என்று எழுதினால், ஒரு எண் இன்னொரு எண்ணின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பதாகத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. காகிதத்தை மடித்துக் காட்டினாள். ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்துக் காட்டினாள். பிள்ளைகள் பழத்தைத் தின்றுவிட்டார்கள். பின்னம் மட்டும் அப்படியே மிஞ்சியது.

ஒரு சனிக்கிழமை, வேறொரு கல்லூரியோடு நடந்த போட்டியைப் பார்க்க வகுப்பு முழுவதையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். வெளியே போய்ப் பழகாத பிள்ளைகள், ஒரு மாறுதலாக இருக்கட்டுமே என்றுதான். அன்றைக்கு அவள் ஆட்டம் சொதப்பியது. யாரும் தடுக்காமல், கோட்டில் தனியாக நின்று வளையத்தைப் பார்த்து வீசவேண்டிய வீச்சுகளையே தவறவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டீச்சர், கோச்சுக்காதீங்க. நீங்க வீசினது அஞ்சு. உள்ள போனது ரெண்டுதான். அந்த ஒல்லிச் சீன அக்கா நாலு வீசி மூணு போட்டாங்க. அடுத்த தடவை அவங்களையே வீசச் சொல்லுங்க."

பூவம்மாதான். வகுப்பிலேயே பெரியவள், பதினான்கு வயது. கணக்கு நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பவள்.

குணவதி சட்டென்று பின்னால் திரும்பினாள். "அஞ்சுக்கு ரெண்டு பெரிசா, நாலுக்கு மூணு பெரிசா?"

"நாலுக்கு மூணு!" என்று பஸ்ஸே கத்தியது.

"பத்துக்கு ஆறுன்னா?"

அதற்குப் பஸ்ஸில் பெரிய சண்டை. டிக்கெட் கிழிக்கிறவர்கூடத் தன் கட்சியைச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆர்ச்சர்ட் ரோட்டு விளக்குகள் கண்ணாடியில் வழிந்து ஓட, குணவதி ஏதோ ஒரு வெளிநாட்டுக் கதையின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டவளைப்போல, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து பந்து வந்தது. சீனப் பள்ளிக் காவலாளியிடம் கெஞ்சி, இடைவேளையில் மட்டும் வளையத்துக்கு அனுமதி வாங்கினாள். சட்டம் எளிமையானது: உள்ளே போனது மேலே, வீசினது கீழே. ஆளுக்கொரு பின்னம். எட்டுக்கு நாலு போட்டவளும் பத்துக்கு ஐந்து போட்டவளும் சமம் என்று பாக்கியலட்சுமி என்ற பிள்ளையே கண்டுபிடித்துத் துள்ளினாள். நூறு வீசினால் எத்தனை போகும் என்று குணவதி கேட்டு, அப்படியே சதவீதத்துக்குள் அவர்களை நடத்திக் கொண்டுபோய்விட்டாள். இது சதவீதம் என்று பயப்படுவதற்குள் அவர்கள் அதைத் தாண்டியிருந்தார்கள்.

"டீச்சர், நேத்து அஞ்சுக்கு மூணு போட்டேன். இன்னைக்குப் பத்துக்கு நாலு. மொத்தம் பதினஞ்சுக்கு ஏழு" என்றாள் பூவம்மா ஒருநாள்.

"சபாஷ்!"

குணவதி அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினாள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடு, கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு கூட்டி. பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க அதை அழிக்கவில்லை. மற்றவர்களும் தங்கள் நேற்றையும் இன்றையும் அதேபோல் கூட்டிக்கொண்டார்கள். அந்த நாட்களில் குணவதி நடந்தாளா மிதந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை ரத்தினம்மா வந்தாள். பூவம்மாவின் தாய். கணவன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய், காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். அவள் வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள்.

"டீச்சரம்மா, எம் மவ பரீட்சைக்குப் போறாளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"போவா அக்கா."

"அந்த இன்ஸ்பெக்டரு சரின்னு சொன்னாத்தானே?"

"சொல்வாரு."

"சொன்னா சந்தோஷம். பரீட்சையில தேறிட்டா புதுசா தமிழ்லயே பெரிய வகுப்பு வந்திருக்காமே, அதுல சேத்துடறேன். எப்படியோ சமாளிச்சுக்குவேன். சொல்லலேன்னா..." ரத்தினம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கத்தோங்ல ஒரு பங்களா. தங்கிக்கிட்டு வேலை செய்யணும். திங்கக்கிழமை கொண்டாந்து விடுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் ஆசையா டீச்சரம்மா? பந்து போடுறேன், கணக்குப் போடுறேன்னு வீட்டுல வந்து சிரிக்கிறா. இதுக்கு முன்னாடி அவ சிரிச்சு நான் பாத்ததில்ல. அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

"அவ எல்லாரையும்விட நல்லாப் போடுறா" என்றாள் குணவதி. "நீங்க பயப்படாம போங்க."

ரத்தினம்மா போன பிறகு, தான் கொடுத்த அந்த வாக்கு யாருடையது என்று அவளுக்கு ஒரு நிமிஷம் திகைப்பாக இருந்தது. தலையாட்ட வேண்டியது அவள் இல்லையே.

வியாழக்கிழமை வந்த ஆய்வாளர் இராஜரத்தினம் மெலிந்த, கவனமான மனிதர். குணவதியின் அப்பாவோடு ஒரு காலத்தில் ஒரே அலுவலகத்தில் இருந்தவர். சின்ன வயதில் அவர் வீட்டில் அவள் பலகாரம் தின்றிருக்கிறாள். அன்றைக்கு அவர் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவளும் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் மரியாதை என்று இருவருக்கும் தெரியும்.

அலமாரியைத் திறந்தார். பந்தைப் பார்த்தார். மூடினார். வேலாயுதத்தின் நெற்றி வியர்த்தது.

"வாய்ப்பாடு தெரியுமா?"

தெரிந்தது. பதிமூன்றாம் வாய்ப்பாட்டை வகுப்பு கூரை அதிரச் சொன்னது. சதவீதம் கேட்டார். சொன்னார்கள். நாற்பதில் பத்து எத்தனை சதவீதம் என்று கேட்டபோது கடைசி வரிசைப் பிள்ளையே எழுந்து சொன்னது. இராஜரத்தினத்தின் புருவம் மெல்ல உயர்ந்தது. வேலாயுதம் குணவதியைப் பார்த்த பார்வையில், அவள் இந்தப் பள்ளிக்கு வந்த நாள்முதல் முதல்முறையாக, நன்றி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. ஜன்னலோரம் பூவம்மா தன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியாக ஒன்று. எல்லோரும் சிலேட்டில் எழுதுங்கள்" என்ற இராஜரத்தினம் சுண்ணக்கட்டியை எடுத்து எழுதினார்.

½ + ¼

குணவதிக்கு மனம் லேசானது. இவ்வளவு எளிய கணக்கா! பதினொரு சிலேட்டுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உயர்ந்தன. எல்லோரும் ஒரே விடை எழுதியிருந்தார்கள். ஆறுக்கு இரண்டு. மேலே இரண்டு, கீழே ஆறு. பூவம்மா மட்டும் ஒரு படி மேலே போய், அதைச் சுருக்கி, மூன்றில் ஒன்று என்று அழகாக எழுதி, அதைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தாள்.

இராஜரத்தினம் சிலேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாயால் கேட்டார்.

"அரை கெஜம் துணியும் கால் கெஜம் துணியும் சேர்ந்தால் எவ்வளவு?"

"முக்கால் கெஜம்!" என்றது வகுப்பு. தேக்கா சந்தைக் கடையில் தினமும் அரையும் காலும் வாங்குகிற பிள்ளைகள். யோசிக்கவே இல்லை.

"இது அரை. இது கால்." அவர் கரும்பலகையைத் தட்டினார். "அப்படியானால் இது என்ன விடை?"

பிள்ளைகள் சிலேட்டையும் கரும்பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"கடைக்கு ஒரு கணக்கு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கா?"

பூவம்மா எழுந்தாள். "சார், அது சரிதான் சார். ரெண்டு வீசினா ஒண்ணு உள்ள போச்சு. அப்புறம் நாலு வீசினா ஒண்ணு உள்ள போச்சு. மொத்தம் ஆறு வீசி ரெண்டுதானே சார் போச்சு?"

"எதை வீசினாய்?"

"பந்தை."

"துணியை யாரம்மா வீசினார்கள்?"

வேலாயுதம் அசட்டுத்தனமாகச் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பூவம்மா தன் சிலேட்டைப் பார்த்தாள். பிறகு குணவதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் குணவதி கரும்பலகையின் ஓரத்துக்குக் கண்ணைத் திருப்பினாள்.

பதினைந்துக்கு ஏழு. சபாஷ் என்று சொன்னது யார்? பந்தில் அவர்கள் கூட்டியது வீச்சுகளை. போனது இவ்வளவு, வீசினது இவ்வளவு என்று எண்ணிக்கைகளை. அரையையும் காலையும் அவர்கள் ஒருநாளும் கூட்டவே இல்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர ஒரு பாடவேளை போதும். அந்த ஒரு பாடவேளையை அவள் எடுக்கவில்லை. வளையத்துக்குள் பந்து விழும் அழகையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

இராஜரத்தினம் வணக்கம் சொல்லிவிட்டு வெளியேறினார். வேலாயுதம் திறக்காத ஆரஞ்சு பாட்டிலை ஏந்திக்கொண்டு, "சார், கொஞ்சம் குடிச்சிட்டு... வெயில் சார்..." என்று பின்னாலேயே ஓடினார். சந்தின் முனையில் கார் நின்றிருந்தது. எதிரே பூக்கட்டுகிறவர்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள்.

குணவதி இருவரையும் தாண்டிப் போய்க் கார்க் கதவின் முன்னால் நின்றாள். இத்தனை நாள் பள்ளியில் பேசாத வீட்டுப் பேச்சு அவள் வாயில் தானாக வந்தது.

"மாமா, ஒரு நிமிஷம் நில்லுங்கோ."

அவர் நின்றார். முகம் சுருங்கியது. "இஞ்சை என்னை அப்பிடிக் கூப்பிடாதேயும் பிள்ளை."

"பிழை என்ரை. அவையின்ரை இல்லை."

"அதைத்தான் நானும் யோசிச்சனான். பிள்ளையள் ஆளுக்கொரு பிழை விட்டா, அது பிள்ளையளின்ரை பிழை. வகுப்பு முழுக்க ஒரே பிழையை விட்டா, அது ஆரோ படிப்பிச்ச பிழை." அவர் குரலைத் தாழ்த்தினார். "கெட்டிக்காரப் பிள்ளையள். அதுதான் எனக்குக் கவலை."

"கொஞ்ச நாள் தாங்கோ. நான் திருத்திப் போடுவன்."

"பிழையாய்ப் படிச்சதை மறக்கப்பண்ணுறது லேசில்லை. அது உமக்குத் தெரியாது, நீர் இப்பதானே வந்திருக்கிறீர். நாளைக்கு நான் எழுதிக் குடுக்கவேணும். கண்ணாலை கண்டதைத்தான் எழுதலாம்."

"அந்தப் பெரிய பிள்ளையைத் திங்கக்கிழமை வேலைக்கு அனுப்பிப் போடுவினம் மாமா."

அவர் தெரு வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். பிறகு அவள் தோளைத் தொடாமல், தொடுவதுபோல் கையை நீட்டி, அவளை வழியிலிருந்து விலகச் சொன்னார். அவள் விலகினாள். கதவு திறந்தது, மூடியது. வேலாயுதம் ஆரஞ்சு பாட்டிலோடு அப்படியே நின்றார்.

"போச்சு டீச்சர்" என்றார் அவர், முன்னே பார்த்தபடியே. "வகுப்பு போச்சு."

காரின் என்ஜின் இருமி இருமிக் கிளம்பியது. அப்போது சந்துக்குள்ளிருந்து வெறும் காலோடு யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

பூவம்மா. பாவாடையை, கோர்ட்டில் ஓடும்போது சொருகுவதுபோல் இடுப்பில் சொருகியிருந்தாள். கையில் சிலேட்டு. அதில் இருந்த வட்டத்தை எச்சில் தொட்டு அழித்திருந்தாள். ஈரம் இன்னும் காயவில்லை. ஓரத்தில் நெடுக்காக ஒரு கோடு இழுத்து, அதை நாலாகப் பிரித்து, மூன்று பங்கைப் பலப்பத்தால் அழுத்தித் தேய்த்திருந்தாள்.

"சார்! சார், நில்லுங்க சார்!"

அவள் குணவதியைப் பார்க்கவில்லை. நேராகக் கார் ஜன்னலுக்குப் போய், கண்ணாடி இறக்கியிருந்த இடத்தில் சிலேட்டோடு கையை வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"அரையோட இன்னும் கொஞ்சம் சேக்கிறோம் சார். சேத்தா கூடத்தானே செய்யணும்? எனக்கு வந்தது மூணுல ஒண்ணு. அது அரையைவிடக் கம்மி சார். சேத்துட்டுக் குறைஞ்சா அது எப்படி சார்? நான் பாக்கலை. எழுதும்போது பாக்கலை. துணியில யாரும் எதையும் வீசலை சார். பந்து வேற, இது வேற."

இராஜரத்தினம் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை கியரின்மேல் இருந்தது. பின்னால் ஒரு மாட்டுவண்டிக்காரர் வழி கேட்டுக் கத்தினார்.

குணவதி ஓரடி முன்னே வந்தாள். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இழுக்கவில்லை.

பூவம்மா சிலேட்டைப் பாவாடையில் ஒரு தடவை நன்றாகத் துடைத்தாள். கோடும் பங்கும் எல்லாம் போய் அது கறுப்பாக, வெறுமையாக இருந்தது. காதில் செருகியிருந்த பலப்பத்தை எடுத்து, சிலேட்டோடு சேர்த்து ஜன்னல் வழியாக அவர் மடியருகே நீட்டினாள்.

"இன்னொரு கணக்கு போட்டுக் குடுங்க சார். ஒண்ணே ஒண்ணு."